வேலையும் வீடும்: தோட்டப்புறக் குடியிருப்பின் வரலாறு



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாறு அவ்வளவு தூரத்தில் இல்லை. அது நாம் படுத்து எழும் வீட்டின் வரலாறு.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் படித்தான். ஆண்டுத் தொடக்கத்தில் பதிவேட்டில் அவனுடைய முகவரியை எழுதினேன். அது கூலிம் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து லயம். சில மாதங்கள் கழித்து அதை அடித்துவிட்டு, லூனாஸில் உள்ள மாமா வீடு என்று எழுதினேன். ஆண்டு முடிவதற்குள் அதையும் அடித்துவிட்டு, பட்டணத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் எண்ணை எழுத வேண்டியதாயிற்று. ஒரே ஆண்டில் மூன்று முகவரிகள். அவனை வளர்த்த பாட்டியோ நாற்பது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்.

நாற்பது ஆண்டுகள் ஓரிடத்தில் உழைத்த குடும்பத்துக்கு நிலையான ஒரு முகவரி ஏன் இல்லாமற்போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை நம் வரலாற்றில் இருக்கிறது.

கெடா மாநிலம் 1909-ஆம் ஆண்டில் சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. அதன் பின்னர் கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. காட்டை வெட்டவும், கன்று நடவும், பால் எடுக்கவும் தமிழகத்திலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தார்கள். உடலுழைப்புத் தொழிலாளர் உதவிப் பயணத்தில் இங்கு வருவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடை செய்யும்வரை இந்த வரவு, ஏற்ற இறக்கத்தோடு, தொடர்ந்தது.

வந்தவர்களைத் தங்கவைக்க வேண்டுமல்லவா? ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகளைக் கட்டினார்கள். ஆங்கிலத்தில் வரிசை என்று பொருள்படும் சொல்லே நம் வாயில் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் ஆயிற்று. விடியுமுன் மணி அடித்ததும் பெரட்டுக்கு ஆள் வந்து நிற்க வேண்டும். பொழுது ஏறுமுன் மரம் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஆகவே தொழிலாளி மரத்துக்கு அருகிலேயே குடியிருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

இதில் தொழிலாளிக்கு நன்மையும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. வாடகை இல்லை. பள்ளி, ஆயாக் கொட்டகை, கோயில், மருந்துக்கொட்டகை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. பக்கத்து வீட்டார் உறவுக்காரரைப் போலப் பழகினார்கள். ஆனால் அந்த நன்மைக்கு அடியில் ஒரு முடிச்சு இருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. முதுமையால் ஓய்வு பெற்றவர், குடும்பத்தில் வேறொருவர் வேலையில் இல்லாவிட்டால், சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். வேலைநிறுத்தக் காலங்களில், வேலை மட்டுமன்றி வீடும் போய்விடும் என்ற அச்சமே பலரின் வாயை அடைத்தது.

சட்டங்கள் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தன. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் ஒன்று 1966-இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் 2019-இல் திருத்தப்பட்டது. இவற்றால் தண்ணீர், கழிப்பிடம், குழந்தைக் காப்பகம் போன்ற வசதிகள் நிர்வாகத்தின் கடமைகளாயின. ஆனால் இவை வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் கூறின. அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாக வேண்டும் என்று கூறவில்லை. தரம் வேறு, உரிமை வேறு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1948-இல் நாட்டில் அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களுக்கு உணவும் செய்தியும் போகாமல் தடுக்க, 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வகுக்கப்பட்டது. காட்டோரங்களில் குடியிருந்த ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சீனர்கள், ஏறத்தாழ 480 புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களையும் விட்டுவைக்கவில்லை. சிதறிக் கிடந்த லயங்களைக் கலைத்து, ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள்.

இரு சாராரும் தாம் விரும்பிப் போகவில்லை. இரு சாராரும் துன்பப்பட்டார்கள். ஆனால் பின்னர் நடந்ததைப் பாருங்கள். புதுக்கிராமத்தில் குடியேற்றப்பட்ட குடும்பத்துக்குத் தனி மனை ஒதுக்கப்பட்டது. முதலில் தற்காலிக உரிமம் இருந்தது. நாளடைவில் பலருக்கு நீண்டகாலக் குத்தகைப் பட்டா கிடைத்தது. தோட்டத் தொழிலாளி கூட்டி வைக்கப்பட்டதோ தோட்டத்து நிலத்திலேயே. வேலி அகற்றப்பட்டபோது அவனுக்கு மிஞ்சியது அதே லயத்து அறைதான். ஒரே காலத்தில் இடம் பெயர்ந்த இருவரில் ஒருவருடைய பேரன் இன்று பாட்டன் மனையில் வீடு கட்டி வாழ்கிறான். மற்றவருடைய பேரன் வாடகை வீடு தேடுகிறான். உழைப்பில் இவன் குறைந்தவன் அல்லன். நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. அதையொட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றை முழுத் தோட்டமாக நடத்தவில்லை. சிறு துண்டுகளாக வெட்டி விற்றார்கள். இதைத்தான் நம் பெரியவர்கள் தோட்டத் துண்டாடல் என்று இன்றும் சொல்கிறார்கள். பத்து ஏக்கர் வாங்கியவனுக்கு லயம் எதற்கு? பள்ளி எதற்கு? ஆஸ்பத்திரி எதற்கு? நிரந்தர ஆட்களை நிறுத்திவிட்டுக் குத்தகை ஆட்களைக் கொண்டு வேலை வாங்கினான். வேலையோடு கட்டப்பட்ட வீடுகள் வேலையோடு சேர்ந்தே போயின. பேராசிரியர் உங்கு அஜீஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1962-இல் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமும் எச்சரிக்கைக் குரல் எழுப்பியது.

அந்த வேளையில் துன் வீ. தி. சம்பந்தன் ஒரு வழி கண்டார். தோட்டங்கள் விலைக்கு வருகின்றன என்றால், தொழிலாளர்களே ஏன் வாங்கக்கூடாது என்று அவர் கேட்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. தினக்கூலி வாங்குபவர்களுக்கு அது பெருந்தொகை. ஆதலால் சிறுகச் சிறுகத் தவணையில் கட்ட ஏற்பாடு செய்தார்கள். தோட்டம் தோட்டமாகச் சென்று, லயத்து வாசல்களில் நின்று, துன் அவர்கள் ஆதரவு திரட்டினார். சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டந்தான். ஆண்டு 1961.

பால் வெட்டும் கைகள் சேர்த்த வெள்ளியால் ஒரு முழுத் தோட்டம் வாங்கப்பட்டது நம் வரலாற்றில் பெருமைக்குரிய செய்தி. சங்கம் வாங்கிய தோட்டங்களில் துண்டாடல் நடக்கவில்லை, குடும்பங்கள் கலையவில்லை. எனினும் துண்டாடப்பட்ட எல்லாத் தோட்டங்களையும் ஒரு சங்கத்தால் வாங்கிவிட முடியுமா? முடியாது. வெளியே தள்ளப்பட்டவர்கள் பலர் ஆற்றங்கரையிலும் சாலை ஓரத்திலும் இரயில் பாதை அருகிலும் பலகையும் தகரமும் கொண்டு குடிசை போட்டார்கள். புறம்போக்குக் குடியிருப்புகள் பெருகின.

இன்னோர் இடி 1969-இல் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற்றால்தான் வேலை செய்யலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தும், குடியுரிமைப் பத்திரம் எடுக்காமல் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தவர்கள் நம்மில் ஏராளம். வேலை போயிற்று, வேலையோடு லயமும் போயிற்று. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஒரு துண்டுக் காகிதம் இல்லாமையால் ஒரு வீடு போகும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது.

1970-களில், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த காலத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீட்டுத் திட்டம் பேசப்பட்டது. தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, வீடு கட்டி, தொழிலாளிக்கே விற்பது அதன் நோக்கம். சில தோட்டங்களில் அது நடந்தது. பல தோட்டங்களில் பேச்சளவில் நின்றது. நிலத்தைக் கொடுக்கும் கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லாததே அதன் பெருங்குறை.

1980-இல் ஆட்குறைப்பு நட்டஈட்டு விதிகள் வந்தன. ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் கொடுக்க வேண்டும் என்பது விதி. இது நல்ல சட்டம். ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு 600 நாள் சம்பளம் கிடைக்கும். நாள் சம்பளம் 12 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 7,200 வெள்ளி. 1980-களில் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. முப்பது ஆண்டு உழைப்பின் நட்டஈடு, மிக மலிவான வீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் போதவில்லை. போன வேலைக்குச் சட்டம் விலை வைத்தது. போன வீட்டுக்கு விலை வைக்கவில்லை.

இதற்கிடையில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. குறைந்த ஆட்கள் போதுமென்றாயிற்று. பிற்பாடு அந்நிய நாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால் வாளி தூக்கியவர்களின் பிள்ளைகள் அங்கே சீருடை அணிந்து வேலைக்குப் போனார்கள், அது முன்னேற்றந்தான். ஆனால் தொழிற்சாலை சம்பளம் தரும், வீடு தராது. லயம் கொடுத்த கூரையை இனி ஒவ்வொரு குடும்பமும் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

வீடில்லாதவர் என்றால் தெருவில் படுத்திருப்பவர் என்று மட்டும் எண்ணுகிறோம். அவர்களும் உண்டு. 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி சமூகநல அதிகாரிகள் அத்தகையோரை இல்லங்களில் சேர்க்கலாம். ஆனால் உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து மாதக்கணக்கில் படுப்பவரும் வீடில்லாதவரே. 'எப்போது காலி செய்யச் சொல்வார்களோ' என்று மூடிய லயத்தில் காத்திருப்பவரும் வீடில்லாதவரே. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னார்கள் அல்லவா? அந்தத் தனி வளை இல்லாத எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்.

அண்மைக்கால வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, நமக்கு அண்டையிலுள்ள பினாங்கின் கம்போங் புவா பாலா. பழைய பிரௌன் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். நிலம் நமக்கே என்று நம்பினார்கள். ஆனால் பட்டா அவர்கள் கையில் இல்லை. நிலம் கைமாறியது. வழக்கு உச்ச நீதிமன்றமாகிய கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன.

இரண்டாவது, புத்ராஜெயா. நாட்டின் நிர்வாகத் தலைநகரம் பிராங் பெசார் தோட்டமும் அண்டைத் தோட்டங்களும் இருந்த நிலத்தில் எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். வீடு கிடைத்தது என்னவோ உண்மை. அந்தக் கட்டடங்களில் விரிசல் கண்டது. தரை வீடு கேட்டு அக்குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் மனுப்போட்டுப் போராட நேர்ந்தது.

முதற்பாடம், பட்டா இல்லாத நம்பிக்கை நிற்காது என்பது. இரண்டாவது பாடம், சாவி கையில் வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை என்பது.

இலங்கை மலையகத்தில் நம் உறவினர்களுடைய கதையும் இதுவே. அங்கும் தேயிலைத் தோட்டத்து லயங்களில் நிலவுரிமையின்றி வாழ்ந்தார்கள். அண்மை ஆண்டுகளில் இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கியது. மேலும் 10,000 வீடுகள் 2017-இல் அறிவிக்கப்பட்டன. வீட்டோடு 7 பேர்ச் நிலமும் தரப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி. கூரை மட்டுமல்ல, கூரையின்கீழ் உள்ள மண்ணும் வேண்டும் என்பதை அங்கும் உணர்ந்திருக்கிறார்கள்.

மேல்நாடுகளிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. வீடில்லாத ஒருவர் முதலில் குடியை விட வேண்டும், வேலை தேட வேண்டும், ஒழுங்காக இருந்து காட்ட வேண்டும், அதற்குப் பிறகே வீடு என்பது பழைய முறை. 1992-இல் நியூயார்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலறிஞர் இதைத் திருப்பிப் போட்டார். முதலில் நிரந்தர வீடு; மற்ற உதவியெல்லாம் அந்த வீட்டில் இருந்தபடியே. பின்லாந்து நாடு 2008-இல் இதை நாட்டுத் திட்டமாக்கியது. இரவு தங்கும் விடுதிகளை வாடகை ஒப்பந்தமுள்ள வீடுகளாக மாற்றியது. அங்கே வீடில்லாதோர் தொகை பெரிதும் குறைந்தது. கள்ளுக்கடையால் நொந்த நம் சமுதாயம் இதைக் கவனிக்க வேண்டும். 'குடிகாரனுக்கு வீடெதற்கு' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கதவு உள்ள ஓர் அறை கிடைத்த பிறகே மனிதன் திருந்தத் தொடங்குகிறான் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

இப்போது அந்தப் பையனுடைய பாட்டியிடம் திரும்புவோம். அடுக்குமாடி வீடு கிடைத்து ஓராண்டு கழிந்தது. ஒருநாள் பையன் பள்ளிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். பாட்டி என்னை உட்காரச் சொல்லி, முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்தார்.

"வாத்தியாரய்யா, என்னமோ மலாய்ல எழுதியிருக்கு. படிக்கத் தெரியல. சாமிகிட்ட வச்சிட்டேன்," என்றார்.

எல்லாம் பாக்கி அறிவிப்புகள். கடைசிக் கடிதத்தில் காலி செய்யச் சொல்லியிருந்தது. லயத்தில் நாற்பது ஆண்டு வாடகை கட்டியறியாதவர். மாதா மாதம் ஒரு கட்டணம் உண்டு என்பதை யாரும் அவர் மொழியில் எடுத்துச் சொல்லவில்லை. மறுநாள் நானும் அவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். பாக்கியைத் தவணையாகக் கட்ட எழுதிக் கொடுத்தோம். ஒப்புக்கொண்டார்கள். அவர் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். பதிவேட்டில் நான்காவது முகவரி எழுத வேண்டிய நிலை வரவில்லை. அதற்கு எனக்குச் செலவானது ஒரு காலைப் பொழுது மட்டுமே.

நேயர்களே, 'வீட்டைக் கட்டிப்பார்' என்பது பழமொழி. வீட்டைக் காத்துப்பார் என்பதையும் இனி நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் இருப்பவர்கள், ஓய்வு பெறும் ஆண்டு வரட்டும் என்று காத்திராமல், இன்றே மலிவு விலை வீட்டுக்கு மனுப்போடுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு இவற்றில் குறை இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென்று பணம் எடுக்க வழி உண்டு. 2024 மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கான பணம் செஜாத்ரா என்னும் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. நிர்வாகமோ வேறு யாரோ வீடு தருவதாக வாக்களித்தால், அதை எழுத்தில் வாங்கித் தொழிற்சங்கத்திடம் ஒரு படி கொடுத்து வையுங்கள்.

வீடு கிடைத்தவர்கள், வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் எந்த நாளில், எவ்வளவு என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். கட்ட முடியாத மாதத்தில் ஒளியாதீர்கள். அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள். பாக்கி சிறிதாக இருக்கும்போது தீர்ப்பது எளிது. படித்த பிள்ளைகள் மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெரியவர்களின் கடிதங்களைப் படித்துச் சொல்லுங்கள். கோயில் குழுவும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதைத் தங்கள் வேலைகளில் ஒன்றாக ஏற்கலாம். லயத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரியாவிட்டால் அடுத்த வீட்டார் வந்து கேட்பார்கள். அடுக்குமாடிக்கு வந்த பின்னும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

நூறு ஆண்டுக்கு முன் நம் பாட்டன்மார் இங்கு வந்தபோது, வீட்டை வேலையோடு சேர்த்துக் கட்டினார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு தலைமுறை பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கியது. நம் தலைமுறைக்கு மிஞ்சியிருக்கும் வேலை, ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் ஒரு கதவு எண் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. உங்கள் வீட்டில், அல்லது அடுத்த வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால் பிரிக்காத கடிதம் ஏதும் இருக்கிறதா என்று இன்று மாலையே பாருங்கள்.